ஒன்பதாம் கட்டிலின் சார்ட்

லிஃப்ட் மெக்கானிக் இறந்த மறுநாள் காலை ஆறு மணிக்கு அவருக்குக் காய்ச்சல் நூற்றியொன்று இருந்தது. பத்து மணிக்கு நூறுக்கு இறங்கி, பிற்பகல் இரண்டு மணிக்கு மறுபடியும் நூற்றியொன்றுக்கு ஏறியது. நாடித் துடிப்பு தொண்ணூற்றாறு. மருத்துவமனையின் இரண்டாம் மாடியில், ஆண்கள் வார்டில், ஒன்பதாம் கட்டிலின் கால்மாட்டில் தொங்கிய சார்ட்டில் இதெல்லாம் முறைப்படி எழுதப்பட்டிருந்தது. காய்ச்சல் நீல மையில், நாடி சிவப்பு மையில், புள்ளி வைத்து, புள்ளிகளைச் சேர்த்து இழுத்த கோட்டுடன். அந்தக் கட்டிலில் அப்போது படுத்திருந்தவர் கால் வீங்கிப்போன ஒரு பெயிண்டர். அவருக்குக் காய்ச்சலே இல்லை.

அது மருத்துவமனை காகிதத்தைக் கைவிட்ட வாரம். வார்டுக்கு ஒரு கைக்கணினி வீதம் கொடுத்து, இனிமேல் காய்ச்சல், நாடி, மருந்து எல்லாம் அதில்தான் ஏற வேண்டும் என்று கண்காணிப்பாளர் சுற்றறிக்கை அனுப்பியிருந்தார். சுற்றறிக்கை காகிதத்தில் வந்தது. 'இன்று முதல் அனைத்து வார்டுகளிலும் டேப்லெட் மட்டுமே' என்று அறிவிப்புப் பலகையில் ஒட்டியதைப் படித்துவிட்டு, அப்படியானால் ஊசி போட மாட்டீர்களா என்று இரண்டு குடும்பத்தார் சண்டைக்கு வந்தார்கள். கட்டில்களில் தொங்கிய சார்ட் அட்டைகளை ஒவ்வொன்றாகக் கழற்றிச் சாக்கில் போட்டபோது ஒன்பதாம் கட்டிலில் மெக்கானிக்கின் மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது, அதனால் யாரும் அந்தப் பக்கம் போகவில்லை. லிஃப்ட் குழியில் தேங்கிய தண்ணீரில் இரண்டு நாள் நின்று வேலை பார்த்ததில் பிடித்த சளி நுரையீரல் வரை இறங்கி, பத்தொன்பது நாள் படுத்திருந்து, ஒரு வியாழக்கிழமை மதியம் அவர் இறந்தார். உடலை எடுத்தார்கள், விரிப்பை மாற்றினார்கள், பெயிண்டரைப் படுக்க வைத்தார்கள். அட்டையைக் கழற்ற மட்டும் மறந்துவிட்டார்கள்.

வார்டின் தலைமைச் செவிலியை எல்லோரும் பெரிய சிஸ்டர் என்பார்கள். பயிற்சிக்கு வந்த பெண்களில் யாரோ விளையாடுகிறார்கள் என்றுதான் முதலில் அவர் நினைத்தார். ஆறு பேரையும் வரிசையில் நிறுத்திக் கேட்டார்; ஆறு பேரும் அழுதார்கள், ஒருத்தியும் ஒப்புக்கொள்ளவில்லை. அட்டையைக் கொண்டுபோய் மருந்தறை அலமாரியில் வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். மறுநாள் திறந்தபோது நான்கு மணிக்கொரு முறை எடுத்த ஆறு அளவுகளும் அவற்றுக்குரிய கட்டங்களில் இருந்தன. பெரிய சிஸ்டர் பேயை நம்புகிறவர் அல்ல. ஆனால் சார்ட்டை நம்புகிறவர். எழுதியிருந்தால் நடந்தது, எழுதாவிட்டால் நடக்கவில்லை என்று முப்பது வருடமாகப் பயிற்சிப் பெண்களுக்குச் சொல்லிக்கொடுத்தவர் இப்போது அந்தப் பேச்சை மாற்றிக்கொள்ள முடியாது. அதனால் மருந்தறைச் சுவரில் ஓர் ஆணி அடித்து, அட்டையை அதில் மாட்டி, தினமும் காலையில் மற்ற நோயாளிகளைப் பார்த்து முடித்ததும் அதையும் பார்த்துவிட்டுப் போனார். பன்னிரண்டாம் நாள் காய்ச்சல் நூற்றிரண்டைத் தொட்டது. அன்று பெரிய சிஸ்டருக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

மெக்கானிக்கின் மனைவி மூன்று வாரம் கழித்து இறப்புச் சான்றிதழ் வாங்க வந்தாள். ஹோட்டல் விரிப்புகளை வெளுத்துத் தேய்த்துத் தரும் பெரிய சலவை நிலையமொன்றில் இஸ்திரிப் பிரிவு முழுவதும் அவள் பொறுப்பில் இருந்தது. ஆவியிலேயே நின்று நின்று முகம் எப்போதும் வியர்த்த மாதிரி இருக்கும். கணவர் செத்த அன்றும் அவள் அழுதாளா இல்லையா என்று பார்த்தவர்களால் சொல்ல முடியவில்லை. பெரிய சிஸ்டர் அவளை மருந்தறைக்கு அழைத்து, ஸ்டூலில் உட்காரவைத்து, குடிக்கத் தண்ணீர் கொடுத்து, அட்டையை எடுத்து மடியில் வைத்தார். சொன்னால் பைத்தியம் என்பாள், சொல்லாவிட்டால் பாவம் என்று வேறொன்றும் சொல்லாமல் நின்றார். பத்தொன்பது நாள் கால்மாட்டில் நின்று அதே அட்டையைப் படித்தவள் அவள். விரலைக் கோட்டின் மேல் வைத்து, முதல் நாளிலிருந்து ஓட்டிக்கொண்டு வந்தாள்.

"நூத்தி ரெண்டு இருக்கே சிஸ்டர்."

"ஆமாம்மா. மூணு வாரமா ஏறி எறங்கிட்டே இருக்கு."

"மாத்திரை குடுத்தீங்களா?"

பெரிய சிஸ்டர் மருந்து அலமாரியைத் திரும்பிப் பார்த்தார்.

"மூணு வாரமா காய்ச்சல்ல கெடக்கற மனுஷனுக்கு ஒரு மாத்திரை குடுக்க இந்த ஆஸ்பத்திரியில ஆள் இல்லையா?" என்று கேட்டுவிட்டு, அட்டையை மார்போடு அணைத்துக்கொண்டு அவள் அழுதாள். அப்போது அவள் அழுததைப் பற்றி யாருக்கும் சந்தேகம் வரவில்லை. வார்டின் கடைசிக் கட்டில் வரை கேட்டது.

பெரிய சிஸ்டர் பேனாவை எடுத்து மருந்துக் கட்டத்தில் காய்ச்சல் மாத்திரையின் பெயரையும் மூன்று வேளை என்பதையும் எழுதினார். டாக்டர் எழுத வேண்டிய இடம். சர்வீஸில் முதல் முறையாக எல்லை மீறினார். மறுநாள் காலை அந்தக் கட்டத்துக்கு நேராக, கொடுத்தாயிற்று என்பதற்கு அடையாளமாக மூன்று டிக் விழுந்திருந்தது. காய்ச்சல் தொண்ணூற்றொன்பது. பெரிய சிஸ்டர் காய்ச்சலைப் பார்க்கவில்லை, டிக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒவ்வொன்றின் வாலும் மேலே போய்த் தூண்டில் முள் போல உள்பக்கம் வளைந்திருந்தது. அப்படி டிக் போட்டவள் உலகத்தில் ஒருத்திதான். அவருடன் படித்து, விடுதியில் ஒரே அறையில் இருந்து, ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவள். பதினாறு வருடங்களுக்கு முன், காலை டூட்டிக்கு வந்துகொண்டிருந்தபோது பேருந்து கவிழ்ந்து, சீருடையுடனேயே இறந்துபோனாள். அன்று அவள் டூட்டிக்கு வரவில்லை என்று பதிவேட்டில் எழுதியவரே பெரிய சிஸ்டர்தான். இப்போது சார்ட்டைத் திரும்பத் திரும்பப் பார்த்தபோது இன்னொன்றும் உறைத்தது. ஒரு நாளைக்கு ஆறு முறை, எல்லாம் ஒரே கை. மாற்ற ஆள் வரவே இல்லை. அவர் சார்ட்டின் ஓரத்தில் பென்சிலால் பொடி எழுத்தில், 'சாப்பிட்டியாடி?' என்று எழுதினார். பதில் வரவில்லை, சார்ட் பேச்சுக்கு உரிய இடமும் அல்ல. மறுநாள் அந்தக் கேள்விக்குப் பக்கத்தில் ஒரு சின்ன டிக் இருந்தது.

மெக்கானிக்குக்கு ஒரே மகள். வேறு ஊரில், பழைய ஆவணங்களைப் படமெடுத்துக் கணினியில் ஏற்றும் நிறுவனத்தில் வேலை. அவளுக்கும் அப்பாவுக்கும் இரண்டு வருடமாகப் பேச்சில்லை. தன்னோடு வந்து லிஃப்ட் வேலையைக் கற்றுக்கொள்ளச் சொன்ன அப்பாவிடம், அவருடைய சகாக்கள் முன்னிலையில், "உங்க வேலை ஏறி எறங்குற வேலைப்பா, எங்கயும் போற வேலை இல்ல" என்று அவள் சொல்லிவிட்டாள். எல்லோரும் சிரித்தார்கள், அவரும் சிரித்தார், அதோடு சரி. அவர் கிடையில் விழுந்த சேதியைக் கடைசி நாள் வரை யாரும் அவளுக்குச் சொல்லவில்லை. சொன்னபோது கிளம்பியவள், அவர் இறந்த நேரத்தில் பேருந்தில் இருந்தாள். இப்போது அம்மா சொன்ன கதையைக் கேட்டு, துக்கத்தில் அம்மாவுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று பதறி விடுப்பெடுத்துக்கொண்டு வந்தாள். மருந்தறையில் ஒரு முழுநாள் உட்கார்ந்தாள். பார்த்துக்கொண்டிருக்கும்போது புள்ளி விழாது. கண்ணைத் தேய்த்தால், ஜன்னல் பக்கம் திரும்பினால், தும்மினால் விழுந்துவிடும். போனில் படமெடுத்தாள், படத்தில் வெறும் கட்டங்கள்தான் இருந்தன. எண்களைக் கணினியில் அடித்துச் சேமித்தாள். திறந்தபோது அங்கேயும் கட்டங்கள்தான். பழைய ஒரு தாளைத் தன் அலுவலகத்துக்கு எடுத்துப்போய், நூறு வருடப் பத்திரங்களையும் எழுத்துப் பிசகாமல் படிக்கும் இயந்திரத்தில் கொடுத்தாள். அது புத்தம் புதிய படிவமாக வெளியே வந்தது.

அவள் விடவில்லை. காகிதத்தை எடுத்துவிட்டு அதே ஆணியில், அதே கட்டங்களை வரைந்த கைக்கணினியைத் தொங்கவிட்டால் பழகிவிடும் என்றாள். அம்மா வேண்டாம் என்றாள், பிறகு மகள் முகத்தைப் பார்த்துச் சரி என்றாள். நான்கு நாட்கள் திரை வெளிச்சமாக, சுத்தமாக, காலியாக இருந்தது. ஐந்தாம் நாள் காகிதத்தைத் திரும்ப மாட்டியதும் விழுந்த முதல் புள்ளி நூற்றி நான்கு; நாடி நூற்று முப்பது. கோடு நடுங்கி நடுங்கி ஏறியிருந்தது. எழுதிய உத்தரவு இல்லாமல் எந்தச் செவிலியும் மாத்திரை கொடுக்க மாட்டாள் என்பது அப்போதுதான் மூவருக்கும் புரிந்தது. அம்மா மகளோடு எட்டு நாள் பேசவில்லை. அந்தக் குடும்பத்தில் அது குறைவான கணக்கு.

ஒன்பதாம் நாள், அம்மா வேலைக்குப் போயிருந்த நேரம் பார்த்து மகள் மருந்தறைக்கு வந்தாள். அப்பாவுக்குக் காய்ச்சல் விட்டிருந்தது, நாடி எழுபத்திரண்டு. குறிப்புகள் என்ற பத்தியில், 'மகள் வந்திருக்கிறாள்' என்று எழுதினாள். எழுதிவிட்டு ஜன்னலுக்குப் போய், கீழே ஆம்புலன்ஸைக் கழுவிக்கொண்டிருந்தவரைப் பார்த்தபடி நின்றாள். திரும்பியபோது இரண்டு மணிக்கான சிவப்புப் புள்ளி, கட்டத்தின் மேல்விளிம்பை ஒட்டி, நூற்றுப் பதினெட்டில் இருந்தது. அவள் பயந்துபோய்ப் பெரிய சிஸ்டரை இழுத்துக்கொண்டு வந்தாள். பெரிய சிஸ்டர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார்.

"காய்ச்சல் இல்லாம பல்ஸ் ஏறினா ஒண்ணு பயம், இல்லேன்னா சந்தோஷம்."

"எதுன்னு எப்படித் தெரியும் சிஸ்டர்?"

"காலையில வா. தூக்கம்னு ஒரு கட்டம் இருக்கு பாரு. பயந்திருந்தா தூங்கியிருக்க மாட்டாரு."

காலையில் தூக்கம் என்ற கட்டத்தில் 'நன்று' என்று இருந்தது. அதற்குப் பிறகு மகள் இன்னொன்றும் எழுதிப் பார்த்தாள்: 'அன்னிக்கு நான் சொன்னது தப்பு.' அன்று முழுவதும் நாடி எழுபத்திரண்டிலிருந்து நகரவில்லை. எப்போதோ மன்னித்துவிட்டார் என்று அதற்கு அர்த்தமா, அல்லது காதில் வாங்கவில்லை என்று அர்த்தமா என்பதை அவள் பல வருடங்கள் யோசித்தாள்.

இரண்டாம் வருடம் தாளுக்குத் தட்டுப்பாடு வந்தது. பயனற்ற படிவங்கள் என்று எழுதி, கிடங்கிலிருந்த சார்ட் தாள்களை மருத்துவமனை பழைய பேப்பர் கடைக்கு எடைக்குப் போட்டுவிட்டது. மெக்கானிக்கின் மனைவி பேருந்து நிறுத்தத்தில் வறுத்த கடலை வாங்கினாள்; பொட்டலத்தைப் பிரித்தால் காய்ச்சலும் நாடியும் எழுதுகிற கட்டங்கள். கடலையைக் கொட்டிவிட்டு, கடலைக்காரரிடம் விலாசம் கேட்டு, பழைய பேப்பர் கடைக்குப் போய்க் குவியலைக் கிளறி நாற்பத்து மூன்று தாள்களைத் தேற்றினாள். பாதிக்கு மேல் சுருண்டும் மடிந்தும் இருந்தன. அவற்றைச் சலவை நிலையத்துக்குக் கொண்டுபோய், பட்டுக்கு வைக்கும் சூட்டில், மேலே மெல்லிய துணி போட்டு ஒவ்வொன்றாகத் தேய்த்தாள். கூட வேலை செய்பவர்கள் என்னவென்று கேட்டதற்கு, "வீட்டுக்காரரோடது" என்றாள். சட்டையாக இருக்கும் என்று விட்டுவிட்டார்கள்.

நாற்பத்து மூன்று வாரம் ஓடி முடியும் முன் அச்சகம் தேடினார்கள். மகள் அளவுகோலை வைத்து மாதிரியை வரைந்து கொடுத்தாள். அச்சகக்காரர் அதைப் பார்த்து, "ஆயிரத்துக்குக் கம்மியா மெஷின் ஓடாதும்மா" என்றார். வாரத்துக்கு ஒரு தாள் என்றால் ஆயிரம் தாள் பத்தொன்பது வருடத்துக்கு வரும் என்று மகள் அம்மாவின் காதில் சொன்னாள். அச்சகக்காரர் நல்ல மனிதர், அக்கறையாகத்தான் விசாரித்தார்.

"எத்தனை நாளைக்குப் படுக்கையில இருப்பாருன்னு டாக்டர் சொல்றாங்க?"

"அது தெரிஞ்சா நான் எதுக்கு உங்ககிட்ட நிக்கறேன்? ஆயிரமே போடுங்க."

முதலில் அடித்துக் கொடுத்த மாதிரித் தாள் வழவழவென்று பளபளத்தது. அதில் புள்ளிகள் ஒட்டவில்லை; காலையில் பார்த்தால் அட்டையின் கீழ்விளிம்பில் நீலமும் சிவப்புமாகப் பொடி உதிர்ந்து கிடந்தது. பிறகு கணக்குப் பேரேடுகளுக்குப் போடும் சொரசொரப்பான தாளில் அடித்தார்கள். அது சரியாக வந்தது.

ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது. பெயிண்டர் சொன்னாரோ, பயிற்சிப் பெண்கள் சொன்னார்களோ, நான்காம் வருடத்துக்குள் மற்றவர்களும் அட்டையோடு வரத் தொடங்கினார்கள். புதிதாக வந்த கண்காணிப்பாளர் தன் தங்கையை அதே மருத்துவமனையில் பறிகொடுத்தவர். எக்ஸ்ரே பிலிம் கழுவிய பழைய இருட்டறையைத் திறந்துவிட்டு, எந்தக் கோப்பிலும் அதைக் குறிப்பிடாமல் விட்டார். நான்கு சுவரிலும் ஆணி. இருநூற்றுச் சொச்சம் அட்டைகள் தொங்கியதில் எழுத்து விழுந்தவை, மருந்தறையிலிருந்து அங்கே வந்த மெக்கானிக்கின் அட்டையையும் சேர்த்து, பதினொன்று. ஏன் இவருக்கு விழுகிறது, அவருக்கு ஏன் விழவில்லை என்பதற்கு யாரும் காரணம் கண்டுபிடிக்கவில்லை. நல்லவர் கெட்டவர் கணக்கும் ஒத்துவரவில்லை. காலி அட்டைக்காரர்கள் சிலர் ஒரு மாதத்தில் கழற்றிக்கொண்டு போனார்கள். பஸ் டிரைவர் ஒருவர் ஏழு வருடம் ஞாயிறுதோறும் வந்து, மகனுடைய காலித் தாளை எடுத்துவிட்டு அதைப் போன்றே காலியான புதுத் தாளை மாட்டிவிட்டுப் போனார். கண்காணிப்பாளரின் தங்கைக்கும் விழவில்லை. கதவோரம் தொங்கியது பிறந்து மூன்று மணி நேரம் மட்டும் இருந்த ஒரு பெண் குழந்தையின் எடை அட்டை. அது மாதாமாதம் ஏறியது. ஐந்தாம் வயதில் பதினேழரைக் கிலோ ஆனபோது, அதன் தாய் எடையைச் சொல்லித் துணிக்கடையில் கவுன் வாங்கிவந்து அந்த ஆணியிலேயே மாட்டினாள். அந்த அறைக்குள் எல்லோரும் மெதுவாகப் பேசினார்கள். தூங்குகிறவர்கள் இருக்கிறார்கள் என்பது போல.

ஆறாம் வருடம் பெரிய சிஸ்டர் ஓய்வு பெற்றார். மாலை போட்டு அனுப்பிவைத்த மறுநாள் காலை வழக்கம்போல வந்து, இருட்டறையில் பதினொரு அட்டைகளையும் பார்த்துவிட்டுப் போனார். தோழியின் கையெழுத்து அவரை அரித்துக்கொண்டே இருந்தது. பதினொரு நோயாளிக்கு ஒரு செவிலி, இருபது வருடத்துக்கு மேல், ஒரு நாள் லீவு இல்லை. "யாராவது போய் அவளை மாத்தி விடணும்," என்று மெக்கானிக்கின் மனைவியிடம் ஒருமுறை சொன்னார். "கால் வீங்கிப் போயிருக்கும் பாவம்." ஒன்பதாம் வருடம், மழை பெய்துகொண்டிருந்த ஒரு காலையில், தன் வீட்டு நாற்காலியில் செய்தித்தாளோடு அவர் இறந்துகிடந்தார். அதற்கு மூன்றாம் நாள், பிற்பகல் இரண்டு மணி அளவு வேறு கையில் எழுதப்பட்டிருந்தது. பேனாவை அழுத்தி எழுதிய குண்டு குண்டான எண்கள். எட்டு என்றால் இரண்டு வட்டம் ஒன்றன்மேல் ஒன்று. மெக்கானிக்கின் மனைவி பார்த்ததும் கண்டுகொண்டாள். "பெரிய சிஸ்டர் டூட்டியில சேர்ந்துட்டாங்க," என்று அறையில் இருந்தவர்களுக்கு, இடமாற்றச் செய்தி சொல்வது போலச் சொன்னாள். அடுத்த மாதம் தூண்டில் வால் டிக் எந்த அட்டையிலும் ஒரு வாரம் விழவில்லை. லீவு கிடைத்திருக்கிறது என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். பஸ் டிரைவர் அன்று முதல் முறையாகச் சிரித்தார்.

பதினொன்றாம் வருடம் மெக்கானிக்குக்கு ஐந்து மாதமாகக் காய்ச்சலே வரவில்லை. எடை அறுபத்தொன்று. ஒரு செவ்வாய்க்கிழமை, தாளின் கடைசிப் பத்தியில், பெரிய சிஸ்டரின் குண்டு எழுத்தில் இப்படி இருந்தது: 'வியாழன் காலை டிஸ்சார்ஜ். உறவினர் கையெழுத்து தேவை.' அதன் கீழே புள்ளிக்கோடு. செய்தி கேட்டு மகள் அடுத்த வண்டியில் வந்து இறங்கினாள். இறங்கியவள் வீட்டுக்குக்கூடப் போகாமல் நேரே இருட்டறைக்கு வந்தாள். அம்மா பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றாள்.

"கையெழுத்துப் போடாதேம்மா."

"ஏன்?"

"போட்டா சார்ட் நின்னுடும். அப்புறம் அப்பா எங்க இருக்காரு, எப்படி இருக்காருன்னு நமக்கு எப்படித் தெரியும்?"

"டிஸ்சார்ஜ்னா வீட்டுக்குத்தான்டி அனுப்புவாங்க."

"அம்மா, அவர் செத்துப் பதினோரு வருஷம் ஆச்சு."

அந்த அறையில் அதுவரை யாரும் சொல்லாத சொல் அது. மற்றவர்கள் தங்கள் தங்கள் அட்டைகள் பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

"தெரியும்," என்றாள் அம்மா. "நான்தான் பக்கத்துல இருந்தேன். நீ பஸ்ல இருந்தே." சொல்லிவிட்டு, சொன்னதற்காக மகளின் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். "இங்க பாரு. பதினோரு வருஷமா ஆஸ்பத்திரியில கெடக்கறாரு. ஆஸ்பத்திரியில இருக்க எந்த மனுஷனாவது ஆசைப்படுவானா? நாம பல்ஸ் பாத்துட்டுப் போக வசதியா இருக்குன்னு அவரை இன்னும் எத்தனை வருஷம் படுக்க வைக்கறது?"

"எங்க போவாரும்மா?"

"அது எனக்குத் தெரியாது. எழுதியிருக்கறது பெரிய சிஸ்டர். குணமாகாத ஆளை அவங்க அனுப்ப மாட்டாங்க."

மகள் சுவரில் சாய்ந்து, சின்னப் பிள்ளை போல் தேம்பினாள். அம்மா அவள் அழுது முடிக்கும்வரை காத்திருந்தாள். முடித்தபின் பேனாவை நீட்டினாள். குறிப்புகள் பத்தியில் கொஞ்சம் இடம் இருந்தது. மகள் அதில் ஏதோ ஒரு வரி எழுதினாள். என்ன எழுதினாள் என்று அம்மா படிக்கவும் இல்லை, கேட்கவும் இல்லை. பிறகு அம்மா புள்ளிக்கோட்டின் மேல் முழுப்பெயரை எழுதி, உறவுமுறை என்ற இடத்தில் மனைவி என்று போட்டாள்.

வியாழன் காலை கட்டங்கள் காலியாக இருந்தன. கையெழுத்துக்குப் பக்கத்தில் தூண்டில் வால் டிக் ஒன்று மட்டும். முந்தின நாள் சலவை நிலையத்தில் தேய்த்து மடித்த சட்டையையும் பேண்டையும் அம்மா கொண்டுவந்திருந்தாள். அவற்றை அறையின் நடுவில் ஸ்டூல் மேல் வைத்துவிட்டு, உள்ளே இருந்தவர்களை வெளியே வரச் சொல்லிக் கதவைச் சாத்தினாள். பத்து நிமிடம், ஓர் ஆண் உடை மாற்றும் நேரம், எல்லோரும் நடையில் நின்றார்கள். கதவைத் திறந்தபோது ஸ்டூல் மேல் ஒன்றும் இல்லை. அம்மா மாடிப்படியில் சுவரை ஒட்டி, கைப்பிடிப் பக்கம் இடம் விட்டு, ஒவ்வொரு படியிலும் நின்று நின்று இறங்கினாள். ஆட்டோவில் ஒரு ஓரமாக ஒடுங்கிக்கொண்டு மகளை எதிர் ஓரத்தில் உட்காரச் சொன்னாள். ஓட்டுநர் கண்ணாடியில் ஒருமுறை பார்த்தார். பள்ளம் வந்த இடங்களில் வண்டியை மெதுவாக விட்டார்.

வீட்டில் கட்டிலுக்குப் புது விரிப்புப் போட்டிருந்தது. அது கசங்கவில்லை. மகள் சமையலறைச் சுவரில் ஒரு சார்ட்டை மாட்டிப் பார்த்தாள். மூன்று நாளும் அது அச்சகத்திலிருந்து வந்தபடியே இருந்தது. இறந்தவருக்கு இரண்டாம் முறை துக்கம் கொண்டாடுவது எப்படி என்று தெரியாமல், ஊருக்குத் திரும்பும் பேருந்தில் அவள் ஜன்னலைத் திறந்துவைத்துக்கொண்டு வந்தாள். அம்மா வேலைக்குப் போனாள், வந்தாள், ஒரு நபருக்குச் சமைத்தாள். தவறு செய்துவிட்டோமோ என்று அவளுக்கும் தோன்றத் தொடங்கியது. இருட்டறைப் பக்கம் போகவில்லை. போனால் மற்றவர்களின் அட்டைகளைப் பார்க்க வேண்டியிருக்கும்.

இரண்டு வாரம் கழிந்து, மாதச் சாமான் வாங்கப் பட்டியல் எழுதினாள். போனில் எழுதிக்கொள்ள மகள் சொல்லிக்கொடுத்திருந்தாலும், ஐநூறு தாளுக்கு மேல் மிச்சமிருந்ததால் சார்ட்டின் பின்பக்கத்தில் எழுதினாள். பருப்பு, சோப்பு, தீப்பெட்டி, எண்ணெய். அடுப்பை அணைத்துவிட்டு வந்து பார்த்தால், எண்ணெய்க்குக் கீழே, படி ஏறுகிற மாதிரி வலப்பக்கம் உயர்ந்துகொண்டே போகும் எழுத்தில் ஒரு வரி கூடியிருந்தது. பதினோரு வருடமாக எண்களை மட்டும் பார்த்திருந்தவளுக்குக் கணவரின் கையெழுத்தைப் படிக்கக் கொஞ்சம் நேரம் பிடித்தது. 'செருப்பு. எட்டாம் நம்பர்.'

அவள் தலையில் அடித்துக்கொண்டு மகளுக்குப் போன் போட்டாள்.

"ஏண்டி, ரெண்டு பேரும்தானே போனோம், ஒருத்திக்காவது தோணிச்சா? வெறுங்காலோட படி எறங்க வச்சுக் கூட்டிட்டு வந்திருக்கோம்!"

மகள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "கலர் ஏதாவது எழுதியிருக்காராம்மா?" என்று கேட்டாள்.

கலர் எழுதவில்லை. அம்மா கருப்பில் வாங்கினாள். கடைக்காரர் ஆளைக் கூட்டி வந்து போட்டுப் பார்த்து வாங்கச் சொன்னார். அளவு எழுதிக் கொடுத்திருக்கிறார் என்று தாளைக் காட்டினாள். செருப்பைக் கொண்டுவந்து கதவோரம், தன் செருப்புக்குப் பக்கத்தில் வைத்தாள். மறு வருடம் இடது செருப்பின் வெளிவிளிம்பு தேய்ந்து மெலிந்துபோயிருந்ததால், அதே கடையில் அதே அளவில் இன்னொரு ஜோடி வாங்கினாள்.